ஆணையும் ஐக்கியமும்

பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சூழ்ந்த வீதிகளில் இன்றும் தமிழ் தாராளமாக ஒலிப்பதற்குக் காரணம் தேடுவோர், 1809-இல் ஆங்கிலேயர் இவ்வூரை அடுத்துத் தண்டு எனப்படும் படைமுகாம் அமைத்ததையும், அதனோடு சென்னை ராஜதானியிலிருந்து சிப்பாய்களும் வர்த்தகர்களும் தொழிலாளரும் வந்து குடியேறியதையும் முதலில் அறிய வேண்டும். 1780-இல் சென்னையில் தோன்றிய பயனியர் படையின் வழிவந்த மதராஸ் சாப்பர்கள் நிலைபெற்றதும் இவ்வேரிக்கரையில்தான். தண்டு வாழ்வின் ஆதாரம் கவாத்து. சொன்னதைச் சொன்ன கணத்தில் செய்வதே அதன் தர்மம்.

அந்தக் கவாத்து, ஓய்வுபெற்ற சிப்பாய்களின் வழியாகப் பள்ளிக்கூடங்களில் புகுந்து, டிரில் மாஸ்டர் உத்தியோகமாக ராஜதானியெங்கும் பரவியது. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஸ்தாபித்த ஹாரி குரோ பக், கவாத்து இருந்த இடத்தில் விளையாட்டை அமர்த்த முயன்றார். 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் வகுத்த வாலிபால் என்னும் விளையாட்டும், அந்த ஸ்தாபனத்தின் வழியாகவே இந்நாட்டுக்கு வந்தது. பந்தைப் பிடித்துவைக்க இடமில்லாத இவ்வாட்டத்தில், எத்தனை வல்லவனும் தோழன் எடுத்துக் கொடுத்தாலன்றி அடிப்பது அரிது. பயிற்சியாளனின் குரல் எட்டுமுன் பந்து கைமாறிவிடும்.

அக்கல்லூரியில் பயின்று பின்னர் கனடா சென்ற பாக்கியநாதன் செல்லதுரை, 1980-இல் சாலே என்பவருடன் வெளியிட்ட அளவுகோலில், பயிற்சியாளனின் நடத்தையை நுணுக்கம் கற்பித்தல், ஆட்டக்காரரைக் கலந்து முடிவெடுத்தல், தன்னிச்சையாக ஆணையிடுதல், நலம் பேணுதல், பாராட்டுதல் என ஐந்தாகப் பகுத்தார். சூழ்நிலை வேண்டுவதும், ஆட்டக்காரர் விரும்புவதும், பயிற்சியாளன் செய்வதும் இசைந்தால்தான் வெற்றியும் திருப்தியும் கைகூடும் என்பது அவர் சித்தாந்தம். கனடாவில் ஆல்பர்ட் கேரனும் அவர் சகாக்களும் 1985-இல், அணியின் ஐக்கியத்தைக் காரிய ஐக்கியம், உறவின் ஐக்கியம் என இருவகையாக்கி அளந்தனர். இரண்டையும் சேர்த்து ஆராய்ந்தோர் பலரும், கற்பித்தலும் பராமரிப்பும் பாராட்டும் மிகுந்த அணிகளில் காரிய ஐக்கியம் ஓங்கியிருக்கக் கண்டனர்.

இதற்கு விரோதமாகத் தோன்றுவது, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானிய மகளிர் வாலிபால் அணி. பர்மாப் போர்முனை கண்ட அதன் பயிற்சியாளர் ஹிரோபுமி டைமாட்சு, இரவு நெடுநேரம்வரை அவர்களைத் தரையில் உருளவைத்துப் பழக்கிய கடுமை உலகப் பிரசித்தம். எனினும் அவர்களில் பெரும்பாலோர் கைஸுகா நகரத்து நிச்சிபோ நூற்பாலையில் ஒன்றாக வேலை பார்த்து, ஒன்றாக வாழ்ந்தவர்கள். கடுமையைத் தாங்கியது அந்தப் பிணைப்பே என்பது என் அபிப்பிராயம். தண்டின் கவாத்தும் சிப்பாய்கள் ஒரே பாசறையில் உண்டு உறங்கியதனால் பலித்தது. டிரில் மாஸ்டரோ ஆணையை மட்டும் பள்ளிக்குக் கொணர்ந்து, அதைத் தாங்கிய கூட்டுவாழ்வைத் தண்டிலேயே விட்டுவந்தார். ஆதலின் ஒரு பயிற்சியாளனின் திறத்தை நிர்ணயிக்க விரும்புவோர், அவன் கண்டிப்பானவனா கனிவானவனா என்று வினவுமுன், அவன் சொல்லை ஏற்கும் ஆட்டக்காரர் அறுவரும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகின்றனர் என்பதை விசாரிப்பதே முறை.