நாமக்கல் முட்டையும் பன்னீராயிரம் தீவும்

"ஏன் கண்ணு, இந்த ஊருல என்னதான் வெளையுது?"

மாலத்தீவு ரிசார்ட்டில் இரண்டாம் நாள் காலை அப்பா கேட்ட கேள்வி இது. பொண்ணுக்கு அரையாண்டு லீவு. பெங்களூருவிலிருந்து மாலேவுக்கு நேர் விமானம் இருக்கு, இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா இலவசம். "குடும்பத்தோடு தங்க ஏற்றது" என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் பதிவு செய்தேன். அப்படியேதான் இருந்தது: குழந்தைகளுக்குத் தனி விளையாட்டுக் கூடம், முழங்கால் அளவு நீச்சல் குளம், வயசானவங்களுக்குப் படி ஏறாத அறை. இருபது நிமிஷத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவு.

அப்பாவுக்கு வயது 74. நாமக்கல் பக்கம் முப்பது வருஷம் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் விடியற்காலையில் எழுந்து ஒரு சுற்று நடந்து, மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வருவார். அன்றைக்கும் அப்படித்தான். தென்னை, தாழை, அப்புறம் தொட்டியில் வைத்த பூச்செடிகள். "அந்தத் தொட்டி மண்ணுகூட மூட்டையில வந்துதாமா" என்றார். தோட்டக்காரரிடம் சைகையிலேயே விசாரித்துவிட்டாராம்.

திரும்பி வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வழக்கம்போல ராத்திரி எல்லாம் படித்து எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

மணல் இருக்கு, மண் இல்லை

மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பது 190க்கும் குறைவானவற்றில்தான். எல்லாமே பவளப் பாறை வளையங்களின் மேல் ஒதுங்கிய மணல் திட்டுகள். இந்த வளையத்துக்கு உலகம் முழுக்க வழங்கும் 'அட்டோல்' என்ற சொல்லே திவேகி மொழியிலிருந்து போனதுதான். பெரும்பாலான நிலம் கடல் மட்டத்திலிருந்து ஆள் உயரம்கூட இல்லை. ஆறு கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அதை அதிகம் இறைத்தால் கிணறு உப்பாகிவிடும்.

ஆக தேங்காய் உண்டு, மீன் உண்டு, கொஞ்சம் கிழங்கு, கொஞ்சம் சிறுதானியம். நெல் கிடையாது. அப்பாவின் கேள்விக்கு நேர் பதில் இவ்வளவுதான்.

ஆனா மனுஷன் அங்கே இரண்டாயிரம் வருஷமாக வாழ்ந்திருக்கிறான். அப்போ என்ன கொடுத்து என்ன வாங்கினான்? வரலாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சோழி கொடுத்து அரிசி

நமக்குத் தெரிந்த பழைய தொடர்பு ராஜராஜ சோழன். அவன் ஆட்சியின் கடைசி ஆண்டுக் கல்வெட்டுகளில், வென்ற நாடுகளின் பட்டியலில் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' சேர்ந்துகொள்கிறது. நீலகண்ட சாஸ்திரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை மாலத்தீவு என்று கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதை வெறும் பெருமையாகப் படித்தோம். நெல் விளையாத மணல் திட்டுகள் மேல் தஞ்சாவூர்க்காரனுக்கு என்ன ஆசை என்று நாம கேட்கவே இல்லை. அரபு நாடுகளுக்கும் கிழக்குக்கும் போகும் கப்பல் வழி அந்தத் தீவுகளின் இடையே போகிறது என்பதும், அங்கே சோழியும் கயிறும் கிடைத்தன என்பதும்தான் எனக்குத் தோன்றும் காரணம்.

சோழி என்றால் நாம தாயம் ஆட உருட்டுகிற அதே சோழிதான். வங்காளத்தில் அது பல நூற்றாண்டுகள் சில்லறைக் காசு. 1343ல் மாலத்தீவுக்கு வந்து காஜியாகவும் இருந்த இபின் பதூதா, தீவுக்காரர்கள் வங்காள வியாபாரிகளுக்குச் சோழி கொடுத்து அரிசி வாங்குவதை எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் ஐரோப்பியக் கம்பெனிகள் இதே சோழியைக் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் அடிமைகளை வாங்கின. தீவுக்காரனுக்குக் கிடைத்தது அரிசி மூட்டை.

சோழியின் காலம் முடிந்தபோது மாசி கைகொடுத்தது. சூரையை வேகவைத்து, புகை காட்டி, வெயிலில் கட்டை மாதிரி காயவைத்த மாசிக் கருவாடு. இலங்கைச் சமையலில் அது இல்லாமல் சம்பல் இல்லை. நம் தென் கடற்கரையிலும் அதற்குத் தனி ருசிகர்கள் உண்டு. மாசி போகும், அரிசி வரும். தூத்துக்குடித் தோணிகளும் இந்தப் பாதையில் பாய் விரித்து ஓடின. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் மட்டும் ஓய்வு.

அந்த அரிசி நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1942ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய், கடல் வழியும் ஆபத்தானபோது மாலத்தீவில் பஞ்சம். போரில் அவர்கள் யாருக்கும் எதிரி இல்லை. அரிசி வேறு ஊரில் விளைந்தது என்பதுதான் காரணம்.

1972: விற்க எதுவும் இல்லாதவன் தீவையே விற்றான்

1970களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடியில் மாசி இறக்குமதியைக் குறைத்தது. மாலத்தீவின் ஒரே பெரிய சந்தை கையைவிட்டுப் போனது. சரியாக அதே நேரத்தில் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியர் கன்னிக் கடற்கரை தேடி அங்கே வந்து சேர்ந்தார். உள்ளூர் இளைஞர்கள் சிலர் அவரோடு கைகோர்த்தார்கள். 1972 அக்டோபரில் விகமனாஃபுஷி தீவில் 30 அறைகளோடு முதல் ரிசார்ட் திறந்தது. சுவர் பவளக் கல், கூரை தென்னங்கீற்று.

அதற்கு வைத்த பெயர் 'குரும்பா'. திவேகியில் இளநீர்க்காய் என்று பொருள். நம்மூரில் பிஞ்சுத் தேங்காயைக் குரும்பை என்கிறோமே, அதேதான் காதில் விழுகிறது. சிங்களத்திலும் இதே சொல்தான். சொல் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனது என்று நான் சண்டைக்கு வரவில்லை.

இன்று 170க்கும் மேற்பட்ட ரிசார்ட்டுகள். பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட், அந்தத் தீவில் வேறு குடியிருப்பு கிடையாது. ஊர்மக்கள் வாழும் தீவு தனி, விருந்தாளித் தீவு தனி. மதுவும் நீச்சலுடையும் இந்தப் பக்கம், பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம். குடியிருப்புத் தீவுகளில் சாதாரண மக்கள் விருந்தினர் இல்லம் நடத்த வழி திறந்தது 2009 வாக்கில்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விளைவு உண்டு. ஒவ்வொரு ரிசார்ட்டும் ஒரு குட்டி நகராட்சி. மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர், குடிநீருக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை, எல்லாம் சொந்தம். தலைநகரின் நிலைமையும் இதேதான். 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்தபோது இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. கடல் நடுவே இருக்கும் ஊருக்கு விமானத்தில் குடிதண்ணீர்!

பெட்டியில் அச்சடித்த ஊர்

இப்போ காலைச் சாப்பாட்டுக்கு வருவோம். எங்கள் ரிசார்ட்டில் முட்டைக்கென்றே ஒரு கவுண்டர். கேட்கிற மாதிரி கண்ணெதிரே போட்டுத் தருவார்கள். அப்பா மூன்றாம் நாள் ஒரு முட்டையைக் கையில் எடுத்து, ஓட்டைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. கவுண்டரில் நின்ற பையன் சிரித்துவிட்டுத் தமிழிலேயே பேசினான். தூத்துக்குடிப் பக்கமாம்.

"தம்பி, இது எந்தூரு முட்டைங்க?"

"நம்மூரு முட்டைதான் அய்யா. இருங்க, காட்டுறேன்."

உள்ளே போய் கிழித்த அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தான். ஆங்கிலத்தில் அச்சு: நாமக்கல், தமிழ்நாடு, இந்தியா. அப்பா கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒன்றும் பேசவில்லை. துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதற்குப் பின்னால் ஒரு அரசு ஏற்பாடு இருக்கிறது. 1981ல் கையெழுத்தான வணிக ஒப்பந்தப்படி, அத்தியாவசியப் பொருட்களுக்கு இந்தியா ஏற்றுமதித் தடை போட்டாலும், மாலத்தீவுக்கு மட்டும் ஆண்டுதோறும் ஓர் அளவு அனுமதிக்கும். 2024-25க்கு அறிவித்த அளவு அதுவரை இருந்ததிலேயே அதிகம். சமூக ஊடகத்தில் இரண்டு நாட்டுக்காரர்களும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த அளவுகள்:

அரிசி 1,24,218 டன்.
வெங்காயம் 35,749 டன்.
ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன்.
முட்டை 42,75,36,904.

மணலைக் கவனித்தீர்களா? வெள்ளை மணலுக்குப் பேர்போன நாடு கட்டடம் கட்ட மணல் வாங்குகிறது. உப்பேறிய பவள மணல் காங்கிரீட்டுக்கு ஆகாது. மோகனூர்ப் பக்கம் காவிரியில் லாரி இறங்கிய பள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வரி சும்மா கடந்து போகவில்லை.

முட்டைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி விடுமா. 2022 கணக்கெடுப்பில் மாலத்தீவு மக்கள்தொகை சுமார் 5.15 லட்சம். தலைக்கு வருஷம் 830 முட்டை வருகிறது! இந்தியாவில் தலைக்குச் சராசரி நூறை ஒட்டித்தான். வருஷம் 20 லட்சம் சுற்றுலாப் பயணிகள் ஆளுக்கு ஒரு வாரம் தங்கி தினம் மூன்று முட்டை சாப்பிட்டாலும் 4.2 கோடிதான் ஆகும். அதனால் இதை உச்சவரம்பு என்றுதான் எடுத்துக்கணும், அவ்வளவும் போய்ச் சேர்ந்ததாக இல்லை. ஒரு நாற்பது அடி குளிர்பெட்டிக் கன்டெய்னரில் சுமார் 4.72 லட்சம் முட்டை பிடிக்கும். முழு அளவும் போனால் 900 கன்டெய்னருக்குச் சற்று மேல்.

மறுபக்கம் பாருங்க. நாமக்கல் மண்டலத்தில் நாளொன்றுக்கு ஐந்து கோடி முட்டை என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு நாட்டின் ஓராண்டு உச்சவரம்பு நமக்கு ஒன்பது நாள் உற்பத்திகூட இல்லை. அவர்களுக்கு அது ஆண்டு முழுவதற்குமான உணவுப் பாதுகாப்பு.

கல்லுக்கால் மட்டும் நிற்கிறது

1982ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தொடங்கியபோது அப்பாவுக்கு முப்பதைத் தாண்டிய வயசு. அதுவரை வியாபாரி சொன்னதுதான் விலை. "என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை" என்ற முழக்கத்தை அவர் இன்னிக்கும் சொல்வார். எங்களுக்கு உச்சத்தில் ஆறாயிரம் கோழி. நான் பி.இ. படித்த ஃபீஸ் முழுக்க முட்டைக் காசு.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. நோய் இருந்த இடம் எங்கேயோ, தமிழ்நாட்டில் ஒரு கோழிக்கும் காய்ச்சல் இல்லை. ஆனால் வெளிநாடுகள் இந்திய முட்டைக்குக் கதவைச் சாத்தின, உள்ளூரிலும் ஜனங்கள் முட்டை வாங்கப் பயந்தார்கள். அறிவித்த விலையே அடக்க விலைக்குக் கீழே. அதற்கும் கீழே 'மைனஸ்' வைத்துத்தான் வண்டி வந்தது. வழக்கமாக எடுக்கிற வியாபாரி ஒரு வாரம் வரவே இல்லை. முட்டைத் தட்டுகள் கொட்டகையில் ஆள் உயரத்துக்கு அடுக்கி நின்றன. கோழிக்கு இன்னிக்கு முட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது, தீவனத்தையும் நிறுத்த முடியாது. பெரிய பண்ணைகள் தாங்கின. எங்கள் பண்ணை அடுத்த வருஷம் மூடியது. கூண்டை எடைக்குப் போட்டோம். கொட்டகையின் கல்லுக்கால்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன.

நான் அப்போது பெங்களூருவில் வேலையில் சேர்ந்து சில வருஷம். "விடுங்கப்பா, நான் சம்பாதிக்கிறேன்ல" என்று போனில் சொன்னேன். எவ்வளவு அசட்டுத்தனமான ஆறுதல் என்று இப்போது தெரிகிறது.

மாலத்தீவுப் பஞ்சத்தைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே வாங்குகிறவன் வழி அடைபட்டுப் பட்டினி கிடந்தான். இங்கே விற்கிறவன் வழி அடைபட்டு நொடித்தான். இரண்டு பேருமே எங்கோ ஒரு கடலுக்கு அப்பால் எடுக்கப்பட்ட முடிவுக்குக் காத்திருந்தவர்கள். ஒருத்தனுக்கு ஒருத்தனைத் தெரியாது. சோழி போய் மாசி வந்தது, மாசி போய் டூரிஸ்ட் வந்தான். அந்தத் தீவு கொடுக்கிற பொருள்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. வாங்குவது என்றைக்கும் சோறு.

கடைசி நாள் ராத்திரி பொண்ணு அறை வாடகையை உளறிவிட்டாள். ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம். நான் பயந்துபோய்ப் பார்த்தேன். அப்பா கோபப்படவில்லை. பண்ணை விலையில் முட்டை அஞ்சு ரூபாய் என்று வைத்து மனக்கணக்குப் போட்டார்.

"பத்தாயிரம் முட்டை. நம்ம பண்ணைக்கு ரெண்டு நாளு."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பவே இங்க வந்து பாத்திருக்கோணும் கண்ணு. நாம போட்ட முட்டை எங்க போவுதுன்னே பாக்காம இருந்துட்டேன்" என்றார்.

அந்த அட்டைத் துண்டு இப்போது நாமக்கல் வீட்டில், பழைய தீவன பில்லுகள் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த பில்லுகளை வருஷ வாரியாக அடுக்கும் வேலையை ஆரம்பித்திருக்கிறேன்.