காலத்தைச் சேர்த்துக் கண்ட தீர்வு

விண்ணிலிருந்து மீளும் கலத்தின் முனை கூராக இருத்தல் வேண்டும் என்பதே தொடக்கத்தில் பரவலான எண்ணம். 1950-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் எய்ம்ஸ் ஆய்வகத்தில் ஜூலியன் ஆலன் அதை மாற்றினார். முனை மழுங்கியிருந்தால் அதிர்ச்சி அலை அதனை விட்டு விலகி நிற்கும்; வெப்பத்தின் பெரும்பங்கு காற்றோடு போய்விடும்.

வடிவம் கிடைத்தது, அதைச் சூழும் ஓட்டத்தைக் கணக்கிடுவது கடினமாயிற்று. முனையருகே ஓட்டம் ஒலியினும் மெதுவானது. பக்கவாட்டில் ஒலியினும் விரைவானது. எனவே நிலையான ஓட்டத்தின் சமன்பாடுகள் ஓரிடத்தில் நீள்வட்ட வகையாகவும் மற்றோரிடத்தில் அதிபரவளைவு வகையாகவும் அமைகின்றன. ஒன்றுக்கு ஏற்ற எண்முறை மற்றதற்கு ஏலாது. இரண்டின் எல்லையோ விடை தெரிந்த பின்னரே தெரியும். ஆகவே சிலர் அலையின் வடிவை முதலில் ஊகித்து, அதற்குரிய முனையைத் தேடினர்.

1966-இல் மொரெட்டியும் ஆபெட்டும் வேறு வழியை முன்வைத்தனர். நிலையான ஓட்டத்தை அறியவே காலம் சார்ந்த சமன்பாடுகளை எடுத்துக்கொண்டனர். பிசுக்குமையைப் புறக்கணித்த அச்சமன்பாடுகள் காலத்தைப் பொறுத்து எங்கும் அதிபரவளைவு வகையே. ஊகித்த ஓட்டமொன்றில் தொடங்கிச் சிறுசிறு காலப்படிகளாக முன்னேறினால், மாற்றங்கள் அடங்கி எஞ்சுவதே விடை.

தடை இயற்கையில் இல்லை. காலத்தை நீக்கிக் கேட்ட நம் கேள்வியில் இருந்தது. சிக்கலான வடிவங்களுக்கான இன்றைய மென்பொருள்கள் பலவும் இவ்வழியிலேயே செல்கின்றன.