ஒப்பும் நட்பும்: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

1. முன்னுரை

காணாமலே கொள்ளும் நட்பு கணினியோடு பிறந்த கருத்து அன்று. திருக்குறளின் 785ஆம் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நட்பிற்குப் புணர்ச்சி, பழகுதல், உணர்ச்சியொத்தல் என மூன்று காரணங்களைச் சுட்டி, இறுதியில் நின்றதே சிறப்புடையது என்கிறார். ஒரு நாட்டவராதல் புணர்ச்சி. பலகாலும் கண்டும் பேசியும் நெருங்குதல் பழகுதல். இவ்விரண்டும் இன்றி நட்புப் பூண்டவர்களாகக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் அவர் காட்டுகிறார். ஆங்கிலச் சமூகவியலில் வழங்கும் ‘ஹோமோஃபிலி’ என்னும் சொல்லுக்கு ‘உணர்ச்சியொப்பு’ நிகராகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொல்லும் பொருளும்

ஒத்தவரிடையே நட்பு மிகுந்து காணப்படும் நிலைக்குப் பால் லாசர்ஸ்ஃபெல்ட், ராபர்ட் மெர்ட்டன் ஆகிய சமூகவியலார் 1954இல் கிரேக்க வேர்களைக் கொண்டு இப்பெயரை அமைத்தனர். சமூக நிலையால் அமையும் ஒப்பு, மதிப்பீடுகளால் அமையும் ஒப்பு என அதனை இருவகைப்படுத்தினர். அவற்றை முறையே நிலையொப்பு, மதிப்பொப்பு எனலாம். ஒப்பு நட்பிற்கு முன்னரே இருக்கலாம். நட்பின் விளைவாகவும் தோன்றலாம். எனவே நட்பை நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒரு செயற்பாடாகவே அவர்கள் ஆராய்ந்தனர்.

3. கணினிவழி நட்பு

ஜே. சி. ஆர். லிக்லைடரும் ராபர்ட் டெய்லரும் 1968இல் எழுதிய கட்டுரையில், கணினிவழிக் குழுக்கள் இருப்பிடத்தால் அன்றிப் பொது ஈடுபாட்டால் அமையும் என எதிர்நோக்கினர். பரிமேலழகரின் மொழியில் கூறுவதாயின், புணர்ச்சியின் இடத்தை உணர்ச்சியொத்தல் பெறும் என்பதே அவர்தம் கருத்து.

முகநூல் 2004இல் தோன்றியபின் இதனைத் தரவுகொண்டு சோதிக்க இயன்றது. கெவின் லூயிசும் உடனாய்வாளர் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் நான்காண்டு முகநூல் தரவுகளை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். இசையிலும் திரைப்படத்திலும் சில வகை விருப்பங்கள் ஒத்தவர்கள் நண்பராகும் வாய்ப்பு மிகுந்திருந்தது. நூல் விருப்பத்தில் அவ்வாறு இல்லை. நண்பரிடமிருந்து நண்பருக்கு விருப்பம் பரவியமைக்குச் சான்று மிகக் குறைவு. செவ்வியல், ஜாஸ் இசை விருப்பம் மட்டுமே இதற்கு விலக்கு.

4. முடிவுரை

ஒப்பு சில வேளை நட்பிற்குக் காரணமாகிறது. சில வேளை அதன் விளைவாகிறது. சில வேளை இரண்டிற்கும் தொடர்பே இல்லை என்பது இதனால் பெறப்படும். ‘ஹோமோஃபிலி’ நண்பரிடையே காணப்படும் ஒப்பினை மட்டும் குறிப்பது. ‘உணர்ச்சியொத்தல்’ என்பதோ உரையாசிரியர் காரணப் பொருளில் ஆண்ட தொடர். அதனை நிகராகக் கொண்டால், ஆய்வு காணவேண்டிய முடிவைக் கலைச்சொல்லே முந்திக் கூறிவிடும். ஆகவே பொதுக் கருத்திற்கு ‘நட்பொப்பு’ எனக் காரணம் சுட்டாத சொல்லும், விருப்ப ஒற்றுமையே நட்பைத் தோற்றுவித்தது என நிறுவப்பட்ட இடத்தில் மட்டும் ‘உணர்ச்சியொப்பு’ என்பதும் ஆளத்தக்கன. பழஞ்சொல்லைப் புதுப்பொருளுக்கு வழங்குங்கால் அதன் பொருள் எல்லையையும் உடன் காத்தல் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.