நான்கு எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு தாயும் மகளும்

முதுகலை வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது ஒரு மாணவி கைப்பேசியை நீட்டினாள். “மேம், டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன். நான் ஐ.என்.எஃப்.பி. அதனாலதான் எனக்கு செமினார்னாலே பயம்.”

அவள் முகத்தில் தன்னைத் தெரிந்துகொண்ட மகிழ்ச்சி இருந்தது. கூடவே, இனி முயல வேண்டியதில்லை என்ற நிம்மதியும் இருந்தது. அந்த ‘அதனாலதான்’ என்னை உறுத்தியது. இந்த எழுத்துகளை உருவாக்கியவர்கள் ஒரு தாயும் மகளும், இருவருமே உளவியல் படித்தவர்கள் அல்ல என்று சொன்னேன். அவள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

தமிழ் படித்த நமக்குப் பெண்களை வகை பிரிப்பது புதிதல்ல. உலா இலக்கியம் பெண்ணை வயதால் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாகப் பிரித்தது. கொக்கோகம் பத்தினி, சித்தினி, சங்கினி, அத்தினி என்று உடலாலும் இயல்பாலும் நான்காகப் பிரித்தது. இந்த நூல்களில் பிரிக்கிறவர் ஆண், பிரிக்கப்படுகிறவள் பெண். ‘நீ எப்படிப்பட்டவள்?’ என்று அவளை யாரும் கேட்கவில்லை. மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை அந்தக் கேள்வியை அவளிடமே கேட்கிறது. அதனால்தான் அதன் வரலாற்றைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேத்தரின் குக் 1875இல் அமெரிக்காவில் பிறந்தவர். 14 வயதிலேயே கல்லூரிக்குப் போனவர். இயற்பியலாளர் லைமன் பிரிக்ஸை மணந்தார். கணவர் வாஷிங்டனில் பெரிய அரசு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக உயர்ந்தார். பட்டம் பெற்ற மனைவிக்குக் கிடைத்தது வீடு. பிறந்த குழந்தைகளில் பிழைத்தது 1897இல் பிறந்த இசபெல் மட்டுமே. கேத்தரின் அந்த மகளை வீட்டிலேயே படிக்க வைத்தார். அவளைக் கவனித்துக் குறிப்பெழுதினார், குழந்தை வளர்ப்பு பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார். ஆய்வுக்கூடம் கிடைக்காத பெண் தன் வீட்டு முன்னறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார்.

இசபெல் கல்லூரியில் சந்தித்த கிளாரன்ஸ் மையர்ஸை 1918இல் மணந்தார். மருமகனின் சுபாவம் அந்தக் குடும்பத்தின் சுபாவமாக இல்லை. அவர்கள் கற்பனையில் திளைப்பவர்கள். அவர் நடைமுறைக்காரர், விவரங்களைப் பிடித்துக்கொள்பவர். பொதுவாக மாமியார்கள் இந்த இடத்தில் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நல்ல மனிதர்கள் இவ்வளவு வேறுபட்டு இருப்பது எப்படி என்று கேத்தரின் யோசித்தார். வாழ்க்கை வரலாறுகளைப் படித்து மனிதர்களை வகைப்படுத்தத் தொடங்கினார். 1923இல் கார்ல் யுங்கின் ‘உளவியல் வகைகள்’ ஆங்கிலத்தில் வந்ததும், தான் தேடியது இதுதான் என்று தன் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு அந்த நூலில் மூழ்கினார். 1926இல் ‘நியூ ரிபப்ளிக்’ இதழில் அதை எளிமையாக்கி எழுதினார்.

யுங்கின் நூலில் ஒரு வேலி இருந்தது. சிந்தனை வகைக்கு அவர் காட்டிய உதாரணங்கள் டார்வினும் காண்ட்டும். உணர்வு வகையைப் பெரும்பாலும் பெண்களிடமே காண்பதாக எழுதினார். அந்த வேலி பிறகு மகளின் கைக்கும் வந்து சேர்ந்தது.

இசபெல் முதலில் துப்பறியும் நாவலாசிரியர். முதல் நாவலுக்குப் பரிசும் வாங்கினார். 1934இல் வந்த இரண்டாவது நாவலில், தங்களுக்குக் கறுப்பின ரத்தக் கலப்பு உண்டு என்று நம்பும் ஒரு வெள்ளைக் குடும்பத்தினர் தற்கொலையை நாடுகிறார்கள். மனிதர்களின் வேறுபாட்டை மதிக்கச் சொன்னவரின் மதிப்பு எந்த எல்லையில் நின்றது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர் ஏராளமான பெண்களைத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அழைத்து வந்தது. யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்ற கேள்வி எழுந்தபோது, சரி தவறு என்று மதிப்பெண் போடாத ஒரு கேள்வித்தாளை உருவாக்க இசபெல் முனைந்தார். பிலடெல்பியா வங்கியொன்றின் பணியாளர் அதிகாரியிடம் சோதனை தயாரிக்கும் முறையைக் கற்றார். பிறகு 5,000க்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்களிடம் அதைப் பரிசோதித்தார். 1962இல் பிரின்ஸ்டனில் உள்ள கல்வித் தேர்வு நிறுவனம் அதை ஆய்வுப் பயன்பாட்டுக்காக வெளியிட்டது. அங்கிருந்த வல்லுநர்கள் பலர் இந்த இல்லத்தரசியைத் தங்களில் ஒருவராக ஏற்கவில்லை. 1975இல் வேறு பதிப்பகத்துக்கு மாறிய பிறகே சோதனை பரவியது. இசபெல் 1980இல் இறந்தார்.

அவரது மதிப்பீட்டு முறையில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும். சிந்தனையா உணர்வா என்ற பகுதிக்கு ஆண்களுக்கு ஒரு கணக்கு, பெண்களுக்கு வேறொரு கணக்கு. ஒரே பதில்களைத் தந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு எழுத்து வரலாம். உணர்வு சார்ந்த பதிலைத் தேர்ந்தெடுக்கும்படி சமூகம் பெண்களைப் பழக்கியிருக்கிறது, அந்தப் பழக்கத்தைக் கழித்தால்தான் உண்மை தெரியும் என்பது அதன் நியாயம். 1998இல் வந்த வடிவத்தில்தான் இந்தத் தனிக் கணக்கு போனது.

இதில் யுங்கின் வேலி தெரிகிறது. ஆனால் இதே கணக்கு ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறது. ஒரு பெண் தன்னைப் பற்றித் தரும் பதிலில் அவளுடைய இயல்பும் இருக்கிறது, அவளை வளர்த்த விதமும் இருக்கிறது. இரண்டையும் ஒரு எண்ணைக் கழித்துப் பிரித்துவிடலாம் என்று இசபெல் நம்பினார். அப்படிப் பிரிக்க முடியாது. ஒவ்வொருத்தியும் தானே உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டிய சிக்கு அது.

அறிவியல் இந்தச் சோதனையை அதிகம் நம்புவதில்லை. மனிதர்கள் இரண்டு முனைகளில் நிற்பதில்லை, பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி என்றால் எழுத்து மாறிவிடும். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளியிடுபவர்களே சொல்கிறார்கள்.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம் என்பேன். எழுத்துகள் போகட்டும், கேள்விகள் இருக்கட்டும். கூட்டத்தில் இருந்தால் தெம்பு வருகிறதா, தனிமையிலா? முடிவெடுக்கும்போது எதை முதலில் நினைக்கிறேன்? இப்படிக் கேட்டுக்கொள்ளும் ஒரு மணி நேரம்கூட நம் வீட்டுப் பெண்கள் பலருக்குக் கிடைத்ததில்லை.

அந்த மாணவியிடம் ஒன்றுதான் கேட்டேன். “நீ எங்கெல்லாம் பேசாம இருக்கேன்னு எழுதிட்டு வாம்மா. எங்கெல்லாம் பேசுறேன்னும் எழுது.”

மறுவாரம் நோட்டைக் கொண்டுவந்தாள். விடுதி மொட்டை மாடியில் தோழிகளோடு இரவு பன்னிரண்டு வரை பேசுகிறாள். ஆட்டோவில் பேசுகிறாள், சித்தியிடம் சண்டையே போடுகிறாள். வகுப்பிலும், அப்பா இருக்கும்போது வீட்டிலும் பேசுவதில்லை. கடைசி வரியை அவளே அடிக்கோடிட்டிருந்தாள்: “பொம்பளப் புள்ள சத்தம் வெளியே கேட்கக் கூடாது — ஆறாம் வகுப்பிலிருந்து.”

அந்த வரிக்கு எந்த எழுத்தும் இல்லை.