ஹேகரின் மூன்று வாரங்கள்: தெரக்-25 விபத்துகளும் சோதனையாளரின் ஆவலும்

மென்பொருள் சோதனைக் குழுக்களின் பணிப் பண்பாடு பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. துருவிப் பார்க்கும் ஆவல் சோதனையாளரின் மனஇயல்பு. பணியிடம் அச்சத்தைப் போக்கி, கொஞ்சம் நேரமும் ஒதுக்கித் தந்தால் அது தானே தழைக்கும் என்பார்கள். தெரக்-25 கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் மென்பொருள் பிழை 1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் வெளிப்பட்டதையும் இந்தக் கண்ணோட்டத்திலேயே சொல்லிவருகிறார்கள். விடாப்பிடியான ஒரு மருத்துவ இயற்பியலர், ஃபிரிட்ஸ் ஹேகர், தயாரிப்பு நிறுவனம் கைவிட்ட புதிரைத் தாமே அவிழ்த்தார் என்று.

லெவெசனும் டர்னரும் 1993இல் வெளியிட்ட ஆய்வைத் தேதிவாரியாகப் படித்தால் இந்த வாசிப்பு நிற்பதில்லை. டைலரில் நோயாளிகள் மிகைக் கதிர்வீச்சுக்கு ஆளான விபத்துகள் இரண்டு: 1986 மார்ச் 21, ஏப்ரல் 11. இரண்டிலும் அதே கருவி, அதை இயக்கிய அதே பெண், திரையில் அதே ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற பிழைச் செய்தி, அதே ஹேகர். முதல் விபத்துக்குப் பின் பிழை பிடிபடவில்லை. இரண்டாவதற்குப் பின் பிடிபட்டது. ஆவல் மனஇயல்புதான் என்றால், இடைப்பட்ட மூன்று வாரங்கள் அது எங்கே போயிருந்தது?

மார்ச்சில் சோதனை நடக்காமல் இல்லை. தயாரிப்பாளரான கனடாவின் அணுசக்தி நிறுவனத்திலிருந்து பொறியாளர்கள் வந்து கருவியை இயக்கிப் பார்த்தார்கள், 54 தோன்றவில்லை. மிகைக் கதிர்வீச்சுக்கு வாய்ப்பே இல்லை என்றார்கள். இக்கருவியால் வேறெங்கும் இப்படி விபத்து நடந்ததாகத் தெரியாது என்றும் சொன்னதாகப் பதிவு உள்ளது. ஆனால் ஜார்ஜியாவிலும் ஒன்டாரியோவிலும் முந்தைய ஆண்டே நடந்திருந்தது. மின்னதிர்ச்சியாக இருக்கலாம் என்ற ஐயம் எழ, வெளியார் ஒருவரைக் கொண்டு மின்சுற்றைக் கவனமாக ஆராய்ந்தார்கள். கோளாறு ஏதும் இல்லை. ஏப்ரல் 7 அன்று கருவி மறுபடி சிகிச்சைக்கு வந்தது. ஆக, மார்ச்சில் ஆவலுக்குப் பஞ்சமில்லை. மென்பொருள் பற்றிய கேள்வியை நிறுவனம் மூடிவிட்டதால், திறந்திருந்த மின்சுற்றுப் பக்கம் அது போனது. எவரும் எவரையும் அச்சுறுத்தியதாக ஆவணத்தில் இல்லை. கேள்வியை மூடியது மென்பொருள்மேல் நிறுவனம் வைத்த நம்பிக்கை: மென்பொருளில் எஞ்சிய பிழைகளை அதன் 1983ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பகுப்பாய்வே கணக்கில் சேர்க்கவில்லை. அதன் தர உறுதி மேலாளர் பயனர் கூட்டமொன்றில் 2,700 மணிநேரம் சோதித்ததாகச் சொல்லி, துருவிக் கேட்டதும் அது பயன்பாட்டு நேரம் என்று விளக்கினார்.

ஏப்ரலில் மாறியவை இரண்டு. ஹேகர் கருவியை உடனே நிறுத்தினார். காத்திருக்கும் நோயாளிகளின் வரிசை அதன்மேல் உரிமை இழந்தது. அடுத்து, இயக்கிய பெண்ணையே விசைப்பலகையின் முன் உட்காரவைத்தார். தாம் செய்தது அவருக்கு நினைவிருந்தது: எலக்ட்ரானுக்கு ‘ஈ’ அடிப்பதற்குப் பதில் எக்ஸ்-கதிருக்கான ‘எக்ஸ்’ விழுந்தது, மேல்நோக்கு விசையால் திரும்பிப் போய்த் திருத்தி, மற்றவற்றை மளமளவென்று கடந்தார். பலமுறை செய்து பார்த்தபின் தெளிந்தது, எல்லாம் வேகத்தில் இருக்கிறதென்று. காந்தங்கள் அமைய ஏறத்தாழ 8 விநாடி ஆகும். அதற்குள் திருத்தி முடித்தால் நிரல் அதைக் கவனிப்பதில்லை. மறுநாள் நிறுவனப் பொறியாளரும் முயன்றார். விரைந்து அடிக்க வேண்டும் என்று சொல்லும்வரை அவருக்கு 54 வரவில்லை. சோதிக்க உட்காருபவர் நிதானமாக அடிப்பார். அன்றாடம் நோயாளிகளைக் கவனித்துப் பழகிய கைக்கு அந்த நிதானம் கிடையாது.

இரண்டாவது விபத்தே புதிய சான்று தந்தது என்று மறுக்கலாம். ஓரளவு ஏற்கிறேன், ஒரே செய்தி மறுபடி வந்ததும் தற்செயல் என்று சொல்ல இடமில்லாமல் போனது. ஆனால் ‘எக்ஸ்’ திருத்தமும் 54உம் மார்ச்சிலேயே நடந்தவை. சான்று அந்தப் பெண்ணின் விரல்களில் இருந்தது. ஹேகர் தொழில்முறைச் சோதனையாளர் அல்லர் என்ற மறுப்பு என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. பிழையைப் பிடிக்க உதவியது சோதனையாளரின் மனஇயல்பல்ல, கருவியை நிறுத்தும் உரிமையும் அதை அன்றாடம் இயக்கிய பெண்ணும்.

பாதுகாப்பான சூழலில் ஆவல் வளரும் என்ற துணைக்கருத்துக்குச் சிக்காகோ இடையூறு. அங்கே மாணவர்கள் பயிலும் சிகிச்சை மையம் ஒன்றில் இருந்தது, தெரக்-25க்கு முந்தைய மாதிரியான தெரக்-20. புதிய மாணவர்கள் வரும்போதெல்லாம் அதன் ஃபியூஸ்கள் போகும், சில வேளை வாரத்துக்கு மூன்று முறை. பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. தெரக்-25 செய்தி வந்தபின்தான் இயற்பியலர் ஃபிராங்க் போர்கர் இதைத் துருவினார். மாணவர்கள் தாறுமாறாகத் திருத்தும்போது அதே பிழை கிளம்பியிருக்கிறது. தனி வன்பொருள் காப்பு ஃபியூஸை எரித்து ஆளைக் காத்திருக்கிறது. கருவி வாங்கிய நாள் முதல் நடந்தும் எவரும் கேட்கவில்லை, ஏனெனில் எவருக்கும் அடிபடவில்லை. டைலரில் கேள்வியை மறைத்தது நிறுவனத்தின் நம்பிக்கை. இங்கே மறைத்தது உண்மையான பாதுகாப்பு.

ஒரு கருவியின் வரலாற்றிலிருந்து எல்லாக் குழுக்களுக்கும் விதி செய்ய முடியாதுதான். ஆனாலும் சோதனையாளருக்கு ஆவல் உண்டா என்று கேட்கும் வினாப்பட்டியல்கள் அளப்பது வேறெதையோ என்றே கருதுகிறேன். வெளியீட்டை நிறுத்தும் உரிமை யாரிடம், அன்றாடம் பயன்படுத்துபவர் சோதனை மேசைக்கு வருகிறாரா என்ற கேள்விகள் அவற்றில் இடம்பெற வேண்டும்.

டைலர் கண்டுபிடிப்புக்கு நிறுவனம் தந்த முதல் விடை, ஏப்ரல் 15 தேதியிட்ட கடிதம்: மேல்நோக்கு விசையின் மூடியைக் கழற்றி, அதன் தொடுமுனைகள் சேராதபடி மின்காப்பு நாடா ஒட்டுங்கள் என்றது. 1987 ஜனவரி 17 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் இன்னொருவர் மிகைக் கதிர்வீச்சுக்கு ஆளானார். அதற்குக் காரணம் அந்த விசையோடு தொடர்பில்லாத வேறொரு நிரற்பிழை.