கன்று கொடுத்த கதை

பழனிக்குப் போனா பஞ்சாமிர்தம் வாங்காம யாரும் திரும்ப மாட்டீங்க. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் உயிரே எங்க மலையில் விளையும் விருப்பாச்சி வாழைதான். நீர்ச்சத்து குறைந்த பழம். சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காயோடு பிசைந்தால் சீக்கிரத்தில் கெடாது.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் காப்பிச் செடிக்கு நிழலாக வாழை வைப்பது பழைய வழக்கம். மழையை நம்பிய விவசாயம். ஒருதரம் நட்டால் பக்கக்கன்று விட்டு வருஷக்கணக்கில் தார் போடும். அப்பா காலத்துல கன்றுக்கு யாரும் காசு வாங்க மாட்டாங்க. பொண்ணு கட்டிக் கொடுத்த ஊருக்கும் கன்று போகும். "கன்னு கேட்டு வந்தவனுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாதுடா" என்பார்.

அந்தக் கன்றோடுதான் முடிக்கொத்து நோயும் போச்சு. இலை குறுகி, உச்சியில் கொத்தாக விறைச்சு நிற்கும், தார் வராது. வைரஸ் நோய், மருந்து கிடையாது. இலங்கையில் 1913-லேயே தெரிந்த நோய், 1940-களில் கேரளத்துக்கு வந்தது. 1970-களில் எங்க மலையைத் துடைச்சு எடுத்துடுச்சு. சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது.

மரத்துக்கு மரம் பரப்புவது அசுவினிப் பூச்சி. ஊருக்கு ஊர் சுமந்து போனது நாங்க. நோய் ஏறிய கன்றும் ஆரம்பத்தில் பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

பிறகு வேளாண் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு முறையில் வைரஸ் இல்லாத கன்றுகளை உருவாக்கிக் கொடுத்தது. விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்கு 2008-09-இல் புவிசார் குறியீடும் வந்தது. ஆனா திசுக்கன்றுக்கும் நோயைத் தாங்கும் சக்தி கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் நோய் கண்ட ஒரு வாழை நின்றால் போதும். முதலில் அசுவினியைக் கொல்லணும், அப்புறம் கிழங்கோடு தோண்டி அழிக்கணும்.

போன வருஷம் அத்தை மகன் கன்று கேட்டு வந்தார். அப்பதான் என் தோட்டத்தில் ரெண்டு வாழையைத் தோண்டி அழிச்சிருந்தேன். இல்லைன்னுட்டேன்.

"மாமா இருந்திருந்தா குடுத்திருப்பாரு மாப்ளே" என்றார்.

கொடுத்திருப்பார்தான். பழுத்த தார் ஒன்றை வண்டியில் ஏற்றிவிட்டேன். திசுக்கன்று கிடைக்கும் இடத்தையும் சொன்னேன். வாங்கினாரா என்று இன்னும் கேட்கல.