சுங்க அதிகாரி இராபர்ட் ஹார்ட்: யாருடைய ஊழியர்?



சுங்கம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது ஜொகூர் பாலத்தில் நீளும் வாகன வரிசைதான். பெட்டிகளைச் சோதிக்கும் துறையைச் சேர்ந்த ஒருவர், ஒரு பேரரசின் வணிகத்திற்கும் அயலுறவுக்கும் அறிவுரை கூறும் நிலைக்கு உயர்ந்தார் என்றால் வியப்பர். சீனச் சுங்கத் துறையின் தலைமை ஆய்வாளராக 1863 முதல் 1911 வரை இருந்த இராபர்ட் ஹார்ட் அத்தகையவர். அவர் சீனர் அல்லர். 1835இல் அயர்லாந்தில் பிறந்தவர். இம்முரணே என் ஆர்வத்தைத் தூண்டியது.

அயலவர் கையில் சீனாவின் சுங்கம் சென்றது எவ்வாறு? அபினிப் போரில் தோற்ற சீனா, 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையால் ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது. சுங்க வரியும் ஏறத்தாழ 5 விழுக்காடு என்ற அளவில் கட்டப்பட்டது. அதனைத் தன் விருப்பப்படி உயர்த்தும் உரிமை சீனாவுக்கு இல்லை. 1853இல் கிளர்ச்சியாளர்கள் ஷாங்ஹாய் நகரைக் கைப்பற்றியதும் அங்கிருந்த சுங்கச்சாவடி செயலிழந்தது. மறு ஆண்டு பிரிட்டன், அமெரிக்கா, பிரான்சு ஆகிய நாடுகளின் தூதர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களைக் கொண்டு வரியைக் கணக்கிட ஏற்பாடு செய்தனர். இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கியது நிலையான துறையாயிற்று.

1854இல் பிரிட்டிஷ் தூதரகப் பணிக்காகச் சீனா வந்த ஹார்ட், சீன மொழியைக் கற்றுத் தேர்ந்து, 1859இல் அப்பணியைத் துறந்து சுங்கத்தில் சேர்ந்தார். அவருக்கு முன் தலைவராக இருந்த இலே, சீனாவுக்காக வாங்கப்பட்ட போர்க்கப்பல்கள் தம் வழியாக வரும் ஆணைக்கே கட்டுப்படும் என வாதிட்டுப் பதவி இழந்தார். 28 வயது ஹார்ட் அவ்விடத்தில் அமர்ந்தார். 1864இல் தம் அலுவலர்களுக்கு அவர் அனுப்பிய சுற்றறிக்கை புகழ்பெற்றது. இது சீன அரசின் துறை. நாம் அவ்வரசின் ஊழியர். சீன அதிகாரிகளையும் மக்களையும் மதித்து நடக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அவர் காலத்தில் அத்துறை வரி கணக்கிடுவதோடு நிற்கவில்லை. கலங்கரை விளக்கங்களை அமைத்தது. வணிகப் புள்ளிவிவரங்களை வெளியிட்டது. 1896இல் தொடங்கிய அரசு அஞ்சல் துறையையும் நடத்தியது. பெய்ஜிங்கின் அயலுறவு அலுவலகம் அவருடைய கருத்தை அடிக்கடி நாடியது. பிரான்சுடனான போரை முடிக்கும் முன்னுடன்பாட்டில் 1885 ஏப்ரலில் பாரிசில் சீனாவின் சார்பில் கையொப்பமிட்டவர், ஹார்ட்டின் இலண்டன் முகவரான காம்பெல். அதே ஆண்டு பிரிட்டன் தன் சீனத் தூதர் பதவியை ஹார்ட்டுக்கு அளித்தது. முதலில் இசைந்த அவர், பின்னர் அதனை மறுத்துச் சுங்கத்திலேயே தொடர்ந்தார்.

எனினும் மறுபக்கத்தையும் காண வேண்டும். அவர் காலம் முழுவதும் ஆணையர் பதவிகளில் வெளிநாட்டவரே இருந்தனர். சீனர்கள் கீழ்நிலைகளில் உழைத்தனர். 1901ஆம் ஆண்டு உடன்படிக்கை சீனாவின்மீது 45 கோடி தேல் வெள்ளியை இழப்பீடாகச் சுமத்தியபோது, அதற்கு ஈடாக வைக்கப்பட்ட வருவாயில் சுங்க வருவாயும் ஒன்று. 39 ஆண்டுகளில் வட்டியோடு செலுத்த வேண்டிய தொகை ஏறத்தாழ 98 கோடி தேல். ஹார்ட் வளர்த்த நேர்மையான வருவாயே, கடன் கொடுத்தோர் நம்பும் பிணையாயிற்று!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹார்ட்டின் துறை வரியைக் கணக்கிட்டது. பணத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் சீன அதிகாரிகளே. 1911 செப்டம்பரில் அவர் மறைந்தார். அடுத்த மாதமே புரட்சி வெடித்தது. அதன்பின் சுங்கப் பணம் நேரே வெளிநாட்டு வங்கிகளுக்குச் சென்றது. நல்லெண்ணம் கொண்ட ஒருவர் காத்துவந்த எல்லைக்கோடு, அவர் மறைந்ததும் அழிந்துபோயிற்று. வரிவிகிதத்தைத் தானே வகுக்கும் உரிமையைச் சீனா மீட்டது 1929, 1930 ஆண்டுகளில்தான்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! ஹார்ட் நல்லவரா, கெட்டவரா என்று ஒரே சொல்லில் விடை கேட்பது மாணவருக்குப் பயன் தராது. அவர் தம் பணியில் உண்மையாக இருந்தார் என்றே நான் கருதுகிறேன். ஆனால், அவர் காத்த சட்டத்தை எழுதியவர்கள் போரில் வென்றவர்கள். ஓர் ஊழியரின் நேர்மை வேறு, அவர் பணிபுரியும் அமைப்பின் நீதி வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வாய்க்குமானால், நம் நாட்டில் குடியேற்ற ஆட்சிக்காலத்தில் பணியாற்றிய எழுத்தர்களையும் கங்காணிகளையும்கூட அவர்கள் நிதானத்தோடு எடைபோடுவார்கள். வகுப்பில் இவ்வினாவை எழுப்பிப் பாருங்கள். மாணவர் கூறும் விடைகளை எனக்கும் எழுதுங்கள்.